சிறுதிறன் வானொலி: மூலமும் உரையும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னிமலையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கிய மன்றத்தின் விழாவில் வானொலிக் கருவியைப் பற்றிய பேச்சுக்கு இடம் ஏது என்று சிலர் எண்ணக்கூடும். இடம் உண்டு. ஒரு நூலை மூலமாகக் கொண்டு பலர் பயில்வதும், அதற்கு உரை காண்பதும், ஏடெழுதினோர் பிழையைக் களைவதும், பாடபேதம் குறித்து அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பதும் தமிழில் தொன்றுதொட்டு வரும் மரபு. சிலப்பதிகாரத்துக்கு விரிந்த உரை கண்ட அடியார்க்கு நல்லாரைக் கொங்கு நாட்டு நிரம்பை ஊரினர் என்பர். அத்தகைய உரைமரபுக்கு உறவான ஒன்று, ஓலையையும் எழுத்தாணியையும் விட்டுச் செப்புக் கம்பியையும் சால்டரிங் அயர்னையும் கையிலெடுத்து, இந்த நூற்றாண்டில் இந்திய மண்ணிலேயே நிகழ்ந்திருக்கிறது. 'பிட்எக்ஸ்' என்னும் சிறு வானொலிக் கருவியின் கதை அது.

தொழிலன்று, விருப்பம்

வானொலி என்றதும் நிலையம் ஒன்று ஒலிபரப்ப, ஊரார் கேட்பதே நினைவுக்கு வரும். அமெச்சூர் வானொலி அவ்வாறானதன்று. ஒருவர் பேச, மற்றொருவர் அதே அலையில் மறுமொழி கூறுவது அது. அதனைப் பயில்வோரை 'ஹாம்' என்று அழைப்பர். அரசு நடத்தும் தேர்வில் வென்று, உரிமம் பெற்று, தமக்கென அளிக்கப்பட்ட அழைப்புக் குறியைச் சொல்லியே அவர்கள் பேச வேண்டும். வணிகச் செய்தி கூடாது. கூலி பெறுதல் கூடாது. கற்றலும் ஆய்தலும் நட்புமே அதன் நோக்கம்.

இத்துறை இந்தியாவுக்குப் புதியதன்று. 1921ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா அமெச்சூர் நிலையம் அமைத்தார். தமிழகத்தில் ஒலிபரப்பு பிறந்ததும் ஆர்வலர்களின் கையில்தான். 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல்வராய் நின்றவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. அவ்வாண்டு ஜூலை 31 முதல் கழகம் ஒலிபரப்பியது. அதன் முதல் கருவியின் திறன் 40 வாட். வீட்டில் எரிந்த பழைய குமிழ் விளக்கு ஒன்றின் திறனளவே அது. பணமுடையால் 1927இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்திக் கருவிகளைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல்தான் வந்தது. அரசின் பெருநிலையத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, ஆர்வலர் சிலரின் 40 வாட் கருவி சென்னையில் குரல் கொடுத்துவிட்டது.

சிறுமையின் வலிமை

அமெச்சூர்களிடையே சிறுதிறன் பயில்வோர் தனியொரு மரபினர். பேச்சுக்கு 10 வாட், மோர்ஸ் குறிகளுக்கு 5 வாட் என்ற எல்லைக்குள் நின்று பேசுவதே அவர்கள் நோன்பு. அங்காடியில் விற்கும் வழக்கமான கருவியின் திறன் 100 வாட். அதில் இருபதில் ஒரு பங்கைக் கொண்டு என்ன செய்ய இயலும்?

கணக்கிட்டுப் பார்த்தால் வியப்புத் தோன்றும். திறன் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தால் கேட்போரிடத்தில் ஒலி இருபதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுவதில்லை. செவியும் கருவியும் திறனை மடக்கை முறையில் அளக்கின்றன. 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 13 டெசிபெல். ஏற்பியின் அளவுமானியில் ஒரு படி என்பது 6 டெசிபெல். ஆகவே முள் ஏறத்தாழ இரண்டு படி மட்டுமே இறங்கும். அமைதியான அலைவரிசையில், நல்ல வான்கம்பியோடு, பொறுமையும் கொண்டவருக்கு அவ்விரண்டு படி பேரிழப்பன்று.

வான்கம்பிக்கும் பெருஞ்செலவில்லை. 143 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அரையலைக் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 20 மீட்டர். நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து மீட்டர். இரண்டு தென்னைகளுக்கிடையே செப்புக் கம்பியைக் கட்டி, நடுவிலிருந்து இணைப்புக் கம்பியை இறக்கினால் போதும். அந்த அலை மேலெழுந்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். பகலில் சில நூறு கிலோமீட்டரும், இரவில் சூழல் வாய்த்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரும் செல்லும். கம்பியை இன்னும் ஐந்து மீட்டர் உயர்த்திக் கட்டுவது, பல வேளைகளில், திறனை இரட்டிப்பதைவிடப் பயன் தரும் என்பது அனுபவமுள்ளோர் அறிந்த உண்மை.

மோர்ஸ் குறிகளில் சிறுதிறன் இன்னும் ஒளிரும். பேச்சுக்கு 2000 ஹெர்ட்ஸுக்கும் மிகுதியான அகலம் வேண்டும்; மோர்ஸுக்குச் சில நூறு ஹெர்ட்ஸ் போதும். அகலம் குறுகக் குறுக இரைச்சலும் குறையும். சிறு ஒலியும் தனித்துக் கேட்கும். யாப்பறிந்த இவ்வவைக்கு அதன் இலக்கணம் எளிதில் விளங்கும். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மோர்ஸில் புள்ளிக்கு ஓரலகு, கோட்டுக்கு மூன்று. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்றலகு மௌனம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழலகு. கைதேர்ந்தவர் புள்ளியையும் கோட்டையும் எண்ணுவதில்லை. செய்யுளைக் கேட்போர் ஓசையால் சீரை உணர்வதுபோல் அவர் ஓசையாலேயே எழுத்தை உணர்கிறார்.

மூலம்

இனி, பிட்எக்ஸ் கருவிக்கு வரலாம். இதனை வடிவமைத்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான். கணினித் துறையில் பணியாற்றியவர். அந்நகரில் கலைக்கும் உரையாடலுக்கும் இடமளிக்கும் 'லாமகான்' அரங்கை உருவாக்கியவர்களுள் ஒருவர். வெளிநாட்டிலிருந்து கருவி வாங்குவது இந்திய அமெச்சூருக்குப் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் செயலாக இருந்தது. உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, பேச்சை அனுப்பவும் பெறவும் வல்ல கருவி ஒன்றை அவர் 2003ஆம் ஆண்டளவில் வரைந்தார். 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, 6 வாட் திறனுக்கு அமைந்த அதன் சுற்றுப்படத்தையும் விளக்கத்தையும் விலையின்றி உலகுக்கு வெளியிட்டார்.

அதன் உறுப்புகளைப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் கிடைக்கும் சிறு டிரான்சிஸ்டர்கள். கணினிகளுக்கென்று மலிவாக விற்கப்பட்ட 10 மெகாஹெர்ட்ஸ் படிகங்கள். அவற்றில் ஒரு பிடி வாங்கி, அளந்து, ஒத்த அதிர்வெண் உடையவற்றைப் பொறுக்கி வடிகட்டி அமைக்க வேண்டும். இறுதியில் திறன் பெருக்குவது ஐ.ஆர்.எஃப். 510 என்னும் உறுப்பு. மின்னோட்டத்தைத் திறந்து மூடும் வேலைக்குப் பிறந்த அதனை வானொலி வேலைக்குப் பழக்கியிருக்கிறார்கள். அலையியற்றியின் கம்பிச்சுருளைச் சுற்ற உதவியதோ, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷர். அயல்நாட்டு உள்ளகம் கிடைக்காத இடத்தில் குழாய்க் கடைப் பொருள் அந்தப் பணியைச் செய்தது.

அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பொதுவாக, பெறுவதற்கு ஒரு வழியும் அனுப்புவதற்கு மற்றொரு வழியும் வேண்டும், உறுப்புகள் இரட்டிக்கும். பிட்எக்ஸ் கருவியில் வழி ஒன்றே. கேட்கும்போது குறிகள் வான்கம்பியிலிருந்து ஒலிபெருக்கியை நோக்கிச் செல்கின்றன; பேசும்போது அதே கலப்பிகள், அதே படிக வடிகட்டி வழியே ஒலிவாங்கியிலிருந்து வான்கம்பியை நோக்கித் திரும்புகின்றன. ஒவ்வொரு பெருக்கியும் எதிரெதிர்த் திசை நோக்கிய இணையாக வைக்கப்பட்டு, எத்திசைக்கு மின்சாரம் ஊட்டப்படுகிறதோ அத்திசையில் இயங்குகிறது. ஒரே பாவின் ஊடே நாடா இருபுறமும் ஓடுவதை நாள்தோறும் காணும் சென்னிமலை நெசவாளருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

உரையும் பாடபேதமும்

மூலம் வெளிவந்ததும் உரைகள் பெருகின. முதல் மாற்றம் அலைவரிசையைப் பற்றியது. 14 மெகாஹெர்ட்ஸுக்கு வரைந்ததைச் சிலர் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினர். அதற்கு நுழைவு வடிகட்டி, வெளியேற்ற வடிகட்டி, அலையியற்றி ஆகிய மூன்றிலும் சுருள்களையும் மின்தேக்கிகளையும் மாற்ற வேண்டும். 14இல் பேச்சின் மேல்பக்கப் பட்டையும், 7இல் கீழ்ப்பக்கப் பட்டையும் வழக்கில் உள்ளமையால் படிக அலையியற்றியையும் சிறிது நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் கைவைத்தால் வேறு எவ்விடங்களைத் தொட வேண்டும் என்பதை இந்த ஒரு மாற்றமே கற்றுத் தந்துவிடும்.

இரண்டாவது, அலை நழுவுதல். சுருளும் மின்தேக்கியும் வெப்பத்தால் சிறிது விரிந்தாலும் அலையெண் நகர்ந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரிருப்பவர் குரல் மெல்ல மாறும். சுருளைப் பசையால் அசையாது நிறுத்தியவர் உண்டு. பெட்டிக்குள் பெட்டி வைத்துக் காற்றுப் படாமல் காத்தவர் உண்டு. கருவியை முன்னதாகவே இயக்கிவிட்டு, அது நிலைகொள்ளும் வரை காத்திருந்தவரும் உண்டு. பின்னாளில் சிறு கணிப்பொறிச் சில்லு ஒன்று அந்த இடத்தைப் பிடித்து, அலையெண்ணை எண்களால் ஆண்டது. அச்சில்லுக்கான ஆணைத்தொடரும் வெளிப்படையாகத் தரப்பட்டமையால், மின்சுற்று அறியாத கணினி மாணவரும் உரையாசிரியர் ஆயினர்.

மூன்றாவது, திறனைக் கூட்டும் ஆசை. இறுதி உறுப்புக்கு 12 வோல்ட்டுக்குப் பதிலாக 24 வோல்ட் ஊட்டினால் திறன் பன்மடங்காகும். வெப்பத்தை வாங்கும் அலுமினியத் தகடு பெரிதாக இல்லையேல் உறுப்பு எரிந்துபோகும். இந்த ஆசையில் உறுப்புகளை இழந்தவர் பலர். அவ்வுறுப்பின் விலை சிறிது. பெற்ற பாடம் பெரிது. விலையுயர்ந்த கருவியைத் திறக்கவே கை நடுங்கும். கெட்டாலும் தாங்கக்கூடிய கருவியே மாணவனுக்குத் துணிவு தரும்.

2016ஆம் ஆண்டு 7 மெகாஹெர்ட்ஸுக்கான பிட்எக்ஸ் 40, உறுப்புகள் பொருத்திய பலகையாகவே குறைந்த விலைக்கு வந்தது. ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று அதன் சுருள்களைக் கையால் சுற்றித் தந்தது. வீட்டுத் திண்ணையில் தார் சுற்றும் தாய்மார்கள் உள்ள ஊரில் இச்செய்தியின் பொருளை விரிக்க வேண்டியதில்லை. 2017இல், 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் மைக்ரோ பிட்எக்ஸ் வெளிவந்தது.

அப்போது நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலகின் பல மூலைகளில் அதனை வாங்கியோர் தத்தம் அளவுக் கருவிகளில் சோதித்தனர். உரிய அலையோடு, அதன் மடங்குகளான வேண்டா அலைகளும் வரம்பு மீறி வெளியேறுவது தெரிந்தது. வேண்டா அலை பிறர் பயன்படுத்தும் வரிசையில் புகுந்து கெடுக்கும். அது சட்டப்படியும் குற்றம், அறப்படியும் குற்றம். கண்டவர்கள் அதனை மறைக்கவில்லை. அளவுகளோடு எல்லாரும் காண வெளியிட்டனர். ரிலேக்களும் கம்பித் தடங்களும் அடுத்தடுத்து அமைந்தமையால் வடிகட்டியைச் சுற்றி அலை கசிவதைச் சிலர் கண்டறிந்தனர், மருந்தும் சொன்னார்கள். வடிவமைத்தவர் அதனை ஏற்றுக் கருவியைத் திருத்தினார். 2019இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அத்திருத்தத்தோடு வந்தது. மூடிய பெட்டியாக இருந்திருந்தால் குறை நிலைத்திருக்கும், அல்லது கருவி குப்பைக்குப் போயிருக்கும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பிழைதிருத்தும் பதிப்பாசிரியர் பணிக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

இன்பமும் பயனும்

இத்தனை முயற்சிக்கு என்ன பயன் என்று கேட்போர் இருப்பர். கைப்பேசியில் நொடியில் பேசலாமே என்பர். பேசலாம். தன் கையால் சுற்றிய சுருள் வழியே, தான் கட்டிய கம்பியிலிருந்து, ஆறு வாட்டில் புறப்பட்ட குரலைத் தொலைவில் ஒருவர் கேட்டு, ஒலியின் தரத்தை எண்ணால் மதிப்பிட்டுச் சொல்லும் அந்தக் கணத்தின் இன்பம் வேறு. அழைத்தும் மறுமொழி வராத மாலைகள் பல உண்டு. கிடைத்த மறுமொழி அதனாலேயே அருமையுடையதாகிறது.

பயனும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் குழுவொன்று பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்தது. நெடுநாளாக அமெச்சூர் குரல் எழாத அத்தீவுகளிலிருந்து பேசுவதே பயணத்தின் நோக்கம். டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் அற்றுப்போயின. பொழுதுபோக்குக்கென்று கொண்டுசென்ற வானொலியே தீவுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்தி சுமந்தது; உயிரோடிருப்போர் செய்தி அதன் வழியே உறவினரை அடைந்தது. பேரிடரில் மின்சாரமும் அற்றுப்போகும் என்பதை இங்கே கருத வேண்டும். 100 வாட் கருவி பேசும்போது 12 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் உண்ணும். சிறுதிறன் கருவிக்கு ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். சிறிய 7 ஆம்பியர்-மணி மின்கலமும் கையகல சூரியத் தகடும் இருந்தால் அது நாள் கணக்கில் தாங்கும்.

விண்ணிலும் சிறுதிறன் நின்றது. 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'ஹாம்சாட்', 42.5 கிலோ எடையுள்ள சிறு செயற்கைக்கோள். அமெச்சூர்களின் குரலை வாங்கி மறுபடி பூமிக்குத் திருப்பிய அது, மின்கலம் ஓயும் வரை, 2014 வரை, ஒன்பதாண்டுகள் உழைத்தது.

கொங்கு நாட்டுக்கு உரிய செய்தி

பொறியைத் திறந்து பார்ப்பது கொங்கு நாட்டின் இயல்பு. ஜி.டி. நாயுடு 1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தவர். மோட்டாரையும் பம்பையும் பிரித்துப் பார்த்தே கோவைப் பட்டறைகள் வளர்ந்தன. சென்னிமலைத் தறியில் விழுதைக் கூட்டியும் மிதியை மாற்றியும் போர்வைக்குப் புதுக்கரை கண்டவர்கள் எந்தக் கல்லூரியிலும் அதனைப் பயின்றவர் அல்லர். இன்றோ வீட்டுக்கு வரும் பொறிகளில் பல, திறக்கவொண்ணாதபடி ஒட்டப்பட்டு வருகின்றன. கெட்டால் மாற்று, மாற்ற இயலாவிட்டால் எறி. பழுதுபார்க்கும் கை ஓய்ந்தால், ஒரு தலைமுறை தான் பயன்படுத்தும் பொருளின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அறியாமலே வாழ்ந்து முடியும். சிறுதிறன் வானொலி அந்தக் கையை ஓயவிடாமல் காக்கும் வழிகளுள் ஒன்று.

ஆயினும் ஒரு தடை எஞ்சியிருக்கிறது. பிட்எக்ஸ் கருவியின் சுற்றுப்படம் எல்லார்க்கும் திறந்தது. அதன் விளக்கமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்வழி பயின்ற ஈங்கூர்ச் சிறுவனுக்கும் பெருந்துறைச் சிறுமிக்கும் அது பாதி மூடிய கதவே. படம் திறந்திருந்தாலும் மொழி பூட்டியிருந்தால் பயனில்லை. அப்பூட்டைத் திறப்பது பொறியாளர் மட்டுமே செய்யும் பணியன்று. தமிழறிந்தார் உடனிருந்து செய்ய வேண்டிய பணி.

அதற்கு வேண்டிய முறை தமிழில் ஏற்கெனவே உள்ளது. பதவுரை வேண்டும்: எந்த உறுப்பு, எந்த மதிப்பு, எந்தக் கடையில் எப்பெயரால் கிடைக்கும் என்பது. பொழிப்புரை வேண்டும்: ஒவ்வொரு பகுதியும் மொத்தத்தில் என்ன செய்கிறது என்பது. விளக்கவுரை வேண்டும்: ஏன் இவ்வாறு அமைத்தார், மாற்றினால் எது கெடும், எது சிறக்கும் என்பது. பட்டறையில் வழங்கும் சொல்லைப் புறந்தள்ளாமல், பாடநூற் சொல்லையும் கைவிடாமல், இரண்டையும் அருகருகே வைத்து எழுதப்படும் உரையாக அது அமைய வேண்டும். 'கண்டென்சர்' என்று கடையில் கேட்கத் தெரிந்தவனுக்கு 'மின்தேக்கி' என்ற சொல் அதன் தொழிலை உணர்த்தும். ஒன்று பொருளை வாங்க உதவும். மற்றொன்று பொருளை விளங்கிக்கொள்ள உதவும்.

உரிமம் பெறாமல் எவரும் அனுப்பும் கருவியை இயக்கலாகாது என்பதையும் அவ்வுரை முதற்பக்கத்திலேயே சொல்ல வேண்டும். கேட்பதற்கு மட்டும் அமைந்த பாதிக் கருவியிலிருந்து மாணவர் தொடங்கலாம். கேட்கப் பழகியவரே நன்றாகப் பேசுவர். மொழிக்கு உரிய அந்நெறி வானொலிக்கும் உரியதே.

பத்தாண்டு கண்ட இம்மன்றம் பதினோராம் ஆண்டில் நூல்நயம் காணும் கூட்டங்களோடு, ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு சுற்றுப்படம், அதற்கொரு தமிழுரை என்று மாதம் ஒரு மாலையை ஒதுக்குமானால், உரைமரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சென்னிமலை சான்றாகும்.